குஞ்சு பொரிப்பது யார் கையில்?

கோழி இல்லாத கமக்காரன் வீடு எமது பகுதிகளில் இல்லை என்றே சொல்லலாம். போர்க் காலத்தில் ஊரை விட்டு ஓடிய வேளைகளிலும், ஒரு கையில் பாயும் சட்டியும் மறு கையில் கால் கட்டிய இரண்டு கோழிகளுமாக நடந்த தாய்மாரை எம்மிற் பலர் கண்டிருக்கிறோம். மரத்தடியில் கூடாரம் போட்ட சில கிழமைகளிலேயே அக்கோழிகளில் ஒன்று பழைய கடகம் ஒன்றினுள் அடைகிடக்கும். இருபத்தொரு நாள் கழிந்ததும் அக்குடும்பத்துக்குப் பத்துக் குஞ்சுகள் கிடைக்கும். அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மின்சாரமும் தேவைப்படவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகளாக இருளில் மூழ்கிக் கிடந்தபோதும் கோழி குஞ்சு பொரிக்கத் தவறவில்லை.

இன்று மீள்குடியேறிய கிராமங்களுக்கும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இரவற் காணிகளில் வாழும் குடும்பங்களுக்கும் கோழி வேறொரு வழியால் வருகிறது. துளையிட்ட மட்டைப் பெட்டிகளில், லொறியில், ஒரு நாள் வயதுள்ள இறைச்சிக்கோழிக் குஞ்சுகளாக வருகிறது. அவற்றை நாம் புறொயிலர் என்கிறோம். கொட்டில் போடுவது எப்படி, தீன் வைப்பது எப்படி என்று வகுப்புகள் பல நடந்திருக்கின்றன. ஆனால் இந்தக் குஞ்சு எங்கே பொரிந்தது, யார் பொரித்தார், நாளைக்கும் அது வருமா என்ற கேள்விகளை எவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டவர்களுள் நாமும் அடங்குவோம். அந்தக் கேள்விகளை இப்போதாவது கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் ஆறு குடும்பங்களுக்கு இறைச்சிக்கோழிக் கொட்டில்கள் அமைக்க உதவினோம். குஞ்சும் தீனும் மருந்தும் ஒரு நிறுவனம் தரும். ஆறு கிழமையில் வளர்ந்த கோழியை அந்த நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும். வளர்ப்புக் கூலி குடும்பத்துக்கு. இதுவே ஏற்பாடு. முதற் சில தொகுதிகள் நன்றாகவே போயின. ஒரு தாய் தன் மகளின் பள்ளிக்கூடச் செலவை இதனாற் சமாளித்தார். நாமும் பெருமைப்பட்டு அறிக்கை எழுதினோம்.

2022இல் லொறி வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள், இரண்டு மாதம் பார்த்தார்கள். கொட்டிலுக்கு எடுத்த கடனின் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்தத் தாய் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, குஞ்சு வராதாம் எண்டு சொல்லுறாங்கள். அப்ப நாங்கள் இந்தக் கொட்டிலை வைச்சு என்ன செய்யிறது?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. அவர் வளவில் முன்னர் நின்ற ஊர்க்கோழிகளையும், நோய் பரவும் என்று சொல்லி நாமே விற்கச் செய்திருந்தோம். இறைச்சிக்கோழிக் கொட்டிலுக்கு அருகில் வேறு கோழி நிற்கக் கூடாது என்பது சரியான சுகாதார விதிதான். ஆனால் அவ்விதியைக் காத்த அவர் கையில் கடைசியில் ஒரு அடைக்கோழிகூட மிஞ்சவில்லை. இது எமது பிழை. இதை மறைப்பதால் எவருக்கும் பயனில்லை.

பெட்டிக்குள் வரும் குஞ்சின் பரம்பரை

ஊர்க்கோழிக் குஞ்சுக்குத் தாய் யார் என்று எமக்குத் தெரியும். இறைச்சிக்கோழிக் குஞ்சின் பரம்பரையோ ஒரு கோபுரம் போன்றது. உச்சியில் இனவிருத்திக் கம்பனிகள் வைத்திருக்கும் தூய வழிக் கோழிகள் சில உள்ளன. அவற்றிலிருந்து முப்பாட்டன் மந்தை, அதிலிருந்து பாட்டன் மந்தை, அதிலிருந்து பெற்றார் மந்தை என்று இறங்கி, அடியில் கோடிக்கணக்கான இறைச்சிக்குஞ்சுகள் வருகின்றன. பெற்றார் மந்தையின் ஒரு பேடு தன் முட்டையிடும் காலத்தில் ஏறத்தாழ 140 குஞ்சுகளுக்குத் தாயாகும். அவற்றில் ஒன்றுக்கும் அது முகம் காட்டுவதில்லை.

இக்கோபுரத்தின் உச்சி இன்று மிகச் சிலர் கையில் உள்ளது. உலகெங்கும் வளர்க்கப்படும் இறைச்சிக்கோழிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு கம்பனிகளின் வழிவந்தவை. றொஸ், ஆபர் ஏக்கர்ஸ் ஆகிய இனங்களை வைத்திருப்பது ஏவியஜன். ஹபார்ட் என்ற இனமும் 2018இல் அதன் கைக்கு வந்தது. கொப் இனத்தை வைத்திருப்பது கொப்-வன்ட்றெஸ்.

"வளர்ந்த இறைச்சிக்கோழிகளில் ஒரு சேவலையும் நாலு பேட்டையும் மறித்து வைத்து நாமே குஞ்சு எடுத்தால் என்ன?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இக்கோழி ஒன்றுக்கொன்று வேறான வழிகளைக் கலந்து பெற்ற கலப்பு. அதன் பிள்ளை அதைப்போல் இராது. ஒன்று பெருக்கும், ஒன்று தேங்கும். மேலும், ஆறு கிழமைக்கு அப்பால் தன்னிச்சையாகத் தீன் தின்ன விட்டால் அதன் எடையைக் கால் தாங்காது, நெஞ்சும் தாங்காது. பெற்றார் மந்தையை வைத்திருப்பவர்கள் அதனாலேயே அதற்குத் தீனை அளந்து, குறைத்துக் கொடுக்கிறார்கள். அடைகிடக்கும் குணத்தையும் இவ்வினங்களில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் புதுக் குஞ்சை வாங்கியே ஆகவேண்டும். கலப்பு விதை நெல்லை வாங்கிப் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

தவறுதலாக வந்த 500 குஞ்சுகள்

இத்தொழில் எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்பதை அறிய, அது பிறந்த இடமாகிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்.

முட்டையைச் செயற்கையாக அடைவைப்பது புதுக் கலையல்ல. எகிப்தியர் மண்ணாற் கட்டிய சூளைகளில் வைக்கோலையும் சாணத்தையும் எரித்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குஞ்சு பொரித்து வந்துள்ளனர். 1879இல் கலிபோர்ணியாவின் பெற்றலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் அமைத்த அடைகாக்கும் பெட்டி அவ்வூரையே கோழி நகரமாக மாற்றியது. 1918இல் அமெரிக்கத் தபாற் பகுதி ஒரு நாட் குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. பொரிப்பதற்குச் சற்று முன்னர் குஞ்சு மீதி மஞ்சட் கருவைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கிறது. அது இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகும். இறைவன் தாய்க்கோழிக்காக வைத்த ஏற்பாடு அது. முதலிற் பொரித்த குஞ்சு பசியால் சாகாமல், கடைசிக் குஞ்சு பொரிக்கும்வரை தாய் கூட்டிலேயே இருக்கலாம். அதே ஏற்பாடுதான் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துத் தூர தேசம் அனுப்பவும் வழிசெய்தது.

1923இல் டெலவெயர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற கிராமத்தில் செசீல் ஸ்ரீல் என்ற குடும்பப் பெண் முட்டைக்காக 50 குஞ்சுகளுக்கு ஓடர் கொடுத்தார். பொரிப்பகம் தவறுதலாக 500ஐ அனுப்பிவிட்டது. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் ஒரு கொட்டில் போட்டு வளர்த்தார். தப்பிய 387 கோழிகளையும் இறைச்சிக்காக இறாத்தல் 62 சதத்துக்கு விற்றார். அக்காலத்தில் அது நல்ல விலை. மறு ஆண்டு 1,000 குஞ்சு எடுத்தார். 1926இல் 10,000 கோழிகளுக்கு வீடு கட்டினார். அயலவர்களும் பின்தொடர்ந்தனர். முட்டையிட்டு ஓய்ந்த கோழியையே மக்கள் உண்டுவந்த நாட்டில், இறைச்சிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் இவ்வாறு வேரூன்றியது. ஒரு சிறு கமக்காரப் பெண்ணின் முயற்சி அது. இதை நாம் மறந்துவிடலாகாது.

பத்தாயிரம் முந்நூறான கதை

1930களில் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சு பொரிப்பகங்கள் இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒன்று என்று சொல்லலாம். அயலிலுள்ள கமக்காரர் தம் கோழிகளின் முட்டையைக் கொடுத்து, அங்கிருந்தே குஞ்சும் வாங்கினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுள் மிஞ்சியவை ஏறத்தாழ 300 மட்டுமே. குஞ்சுகளின் தொகையோ குறையவில்லை; பல மடங்கு பெருகியது. இன்று அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு 900 கோடிக்கு மேற்பட்ட இறைச்சிக்கோழிகள் வளர்க்கப்படுகின்றன.

இது எவ்வாறு நேர்ந்தது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நோய். ஒரே பெட்டியில் ஆயிரக்கணக்கான முட்டைகள் கிடக்கும்போது, நோயுள்ள ஒரு கோழியின் முட்டை முழுப் பெட்டியையும் கெடுத்துவிடும். புள்ளோரம் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் இவ்வாறே பரவியது. அதை ஒழிக்க 1935இல் அமெரிக்காவில் தேசியத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளவற்றை விலக்கினர். நல்ல திட்டம்தான். ஆனால் சோதனைக்கும் சுத்தத்துக்கும் பணமுள்ளவர்களுக்கே அது எளிதாயிற்று.

இரண்டாவது, இனவிருத்தி. நெஞ்சு பருத்த, விரைவாக வளரும் கோழியைத் தேடி அமெரிக்காவில் "நாளைய கோழி" என்ற போட்டி நடத்தப்பட்டது. அதன் 1948ஆம் ஆண்டு இறுதிப் போட்டியிலும் 1951ஆம் ஆண்டுப் போட்டியிலும் கலிபோர்ணியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் வன்ட்றெஸ் என்பவரின் கலப்பினம் வென்றது. கொப்-வன்ட்றெஸ் என்ற பெயரில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. விளைவைப் பாருங்கள். 1925இல் ஒரு கோழி இரண்டரை இறாத்தல் எடை வர 112 நாள் சென்றது; ஒரு இறாத்தல் எடைக்கு 4.7 இறாத்தல் தீன் தின்றது. இன்று 47 நாளில் ஆறு இறாத்தலுக்கு மேல் வருகிறது. ஒரு இறாத்தலுக்குத் தின்பது இரண்டு இறாத்தலுக்கும் குறைவு. இக்கோழியுடன் வேறு எந்தக் கோழியும் சந்தையிற் போட்டியிட முடியவில்லை. ஆகவே அக்குஞ்சை வைத்திருப்பவர் சந்தையையும் வைத்திருப்பவரானார்.

மூன்றாவது, ஒரே கை. தீன் ஆலை, பொரிப்பகம், இறைச்சி ஆலை மூன்றையும் ஒரே கம்பனி தன்னிடம் சேர்த்துக்கொண்டது. கமக்காரனிடம் விட்டுவைத்தது நடுவிலுள்ள ஆறு கிழமையை மாத்திரமே. குஞ்சும் தீனும் கம்பனிக்குச் சொந்தம். கொட்டிலும் கடனும் எருவும் செத்த குஞ்சும் கமக்காரனுக்குச் சொந்தம். அமெரிக்காவின் இறைச்சிக்கோழிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்று இவ்வாறான ஏற்பாட்டின் கீழேயே வளர்கின்றன.

இதில் கமக்காரன் சோம்பேறியாயிருந்து தோற்கவில்லை. கோழி வளர்ப்பை அவன் முன்னரிலும் நன்றாகவே செய்தான். குஞ்சு பொரிப்பது அவன் கையை விட்டுப் போனது. அதனோடு விலை பேசும் பலமும் போய்விட்டது. செசீல் ஸ்ரீல் தம் குஞ்சைத் தாமே வாங்கி, தம் கோழியைத் தாமே விலை பேசி விற்றார். அவருடைய ஊரில் இன்று அவ்வாறு செய்வது அரிது.

பொரிப்பகத்தின் உள்ளே

முட்டைக்குத் தேவையானவை இன்றும் அடைக்கோழி கொடுப்பவைதாம். ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம், அளவான ஈரப்பதன், நல்ல காற்று, இடைக்கிடை புரட்டல் என்பனவே அவை. இயந்திரம் மணிக்கு ஒரு தடவை தட்டைச் சரித்து முட்டையைப் புரட்டுகிறது. 18ஆம் நாள் முட்டைகள் பொரிக்கும் பெட்டிக்கு மாற்றப்படுகின்றன. அங்கே புரட்டல் இல்லை; ஈரப்பதன் கூட்டப்படும். 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இங்கு சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முன்னர் வெவ்வேறு வயது முட்டைகளை ஒரே பெட்டியில் கலந்து வைத்தனர். இப்போது ஒரே வயது முட்டைகளை ஒன்றாக வைத்து, ஒன்றாக எடுத்து, பெட்டியைக் கழுவிவிடும் முறை பெருகி வருகிறது. நோய் தங்க இடமில்லை. 1992 தொடக்கம் அமெரிக்காவில் 18ஆம் நாள் முட்டையின் ஓட்டினூடாகவே மரெக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி ஏற்றும் இயந்திரம் புழக்கத்துக்கு வந்தது.

சில மாற்றங்கள் தவறைத் திருத்துபவை. கனடாவில் பொரிப்பகங்களில் முட்டைக்கும் குஞ்சுக்கும் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றி வந்தனர். அம்மருந்துக்கு அடங்காத சல்மனெல்லாக் கிருமிகள் கோழியிறைச்சியிலும் நோயாளரிலும் காணப்பட்டன. மனிதருக்கு மிக முக்கியமான மருந்துகளை இவ்வாறு முன்கூட்டியே கொடுப்பதை அந்நாட்டுக் கோழி வளர்ப்பாளர் 2014 மே மாதத்துடன் நிறுத்தினர். ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் 18 நாள் அடைவைத்த முட்டையைப் பண்ணைக்கே கொண்டுபோய், கொட்டிலிலேயே பொரிக்கவிடும் முறை பரவியுள்ளது. பொரித்த குஞ்சு உடனே தீனையும் தண்ணீரையும் காண்கிறது. அது பெட்டியில் அடைபட்டு லொறியில் அலைவதில்லை. கடகத்தில் பொரித்த குஞ்சுக்கு எமது ஆச்சிமார் அரிசிக் குறுநல் போட்டது போல!

இன்னொரு போக்கும் கவனத்துக்குரியது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் கிழமைதோறும் எத்தனை முட்டை அடைவைக்கப்பட்டது, எத்தனை குஞ்சு கிடைத்தது என்று கணக்கு வெளியிடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நூறு முட்டைக்கு 84 அளவிற் குஞ்சு கிடைத்தது. அண்மைய ஆண்டுகளில் அது 79 அளவுக்கு இறங்கியுள்ளது. இயந்திரங்கள் முன்னரிலும் சிறந்தவை. ஆயினும் பொரிப்பு இறங்குகிறது. இறைச்சிக்காகத் தெரிந்தெடுத்த பாரமான சேவலிலும் பேட்டிலும் கருக்கட்டும் திறன் குறைவது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஒரு குணத்தை மட்டும் இழுத்துப் பிடித்தால் இன்னொன்று கையை விட்டுப் போகும். ஐந்தில் ஒரு முட்டை வீணாகும் இந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டால், பன்னிரண்டு முட்டைக்கு ஒன்பது பத்துக் குஞ்சைக் கூட்டி வரும் எமது நல்ல அடைக்கோழி ஒன்றும் குறைந்ததல்ல.

எமது நாட்டில்

இலங்கையிலும் கதை இதே பாதையிற் செல்கிறது. பொரிப்பகங்களும் தீன் ஆலைகளும் பெரும்பாலும் மேல், வடமேல் மாகாணங்களிலும் அவற்றின் அயலிலும் உள்ளன. பெற்றார் மந்தைக் குஞ்சுகளோ, அவற்றின் பாட்டன் மந்தைக் குஞ்சுகளோ வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகின்றன. அதற்கு டொலர் வேண்டும். தீனுக்குச் சோளமும் சோயாவும் வேண்டும். செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போகிறது.

2021இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்தது. சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. தீன் விலை ஏறியது. தாய்க்கோழிகளின் வரவு குறைந்தது. தாய் இல்லாமற் குஞ்சு ஏது? 2023இல் பேக்கரிகளின் தேவைக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். எமது ஆறு கொட்டில்களும் வெறுமையாய்க் கிடந்ததன் காரணம் அந்தத் தாய்மாரின் கவனக்குறைவு அல்ல. கோபுரத்தின் உச்சியில் ஏற்பட்ட அசைவு அடியில் இருந்தவர்களின் தலையில் விழுந்தது.

பின்னர் நிலைமை சீரடைந்தது. குஞ்சு மீண்டும் வருகிறது. புதிய திட்டங்களும் வருகின்றன. ஆகையால் இப்பொழுதுதான் யோசிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இறைச்சிக்கோழியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காணி இல்லாத, அரை ஏக்கரே உள்ள குடும்பத்துக்கு ஆறு கிழமையில் காசு காட்டும் தொழில் அது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு இறங்குங்கள். குஞ்சை ஏற்க முன்னர், தனித்தனியே போகாமல் சங்கமாகச் சேர்ந்து பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. ஆண்டில் எத்தனை தொகுதி தருவீர்கள்? குஞ்சு வராத மாதங்களில் கடன் தவணைக்கு என்ன வழி?

2. தீன் விலை ஏறினால் பாரம் யாருடையது?

3. முதற் கிழமையிற் சாகும் குஞ்சை யார் கணக்கில் எழுதுவது? நன்றாகப் பொரித்து, நன்றாக வெப்பம் காட்டிய குஞ்சுகளில் முதற் கிழமையில் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கு மேற் சாகக் கூடாது. அதற்கு மேற் போனால் பொரிப்பகத்தின் குறையாகவும் இருக்கலாம். ஆகவே நாள்தோறும் இறப்பை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

4. கோழியை எங்கே, யார் முன்னிலையில் நிறுப்பீர்கள்?

5. ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, அதன் பிரதி எமது கையில் தரப்படுமா?

பெட்டி வந்ததும் குஞ்சைப் பாருங்கள். உலர்ந்த, மினுங்கும் தூவி, தெளிந்த கண், மூடிய தொப்புள், நேரான கால் ஆகியன நல்ல குஞ்சின் அடையாளங்கள். முதுகுப்பக்கம் கிடத்தினால் உடனே புரண்டு எழும்பவேண்டும். தொப்புள் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் அது பொரிப்பகத்தின் பிழை. வந்தவரிடம் அங்கேயே காட்டி எழுதுவியுங்கள். தூர வழி வந்த குஞ்சுக்கு முதலில் தண்ணீர், உடனே தீன். கொட்டிலை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருங்கள். முதல் நாட்களில் 32, 33 பாகை வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் குவிந்தால் குளிர். விலகி ஓடி மூச்சிரைத்தால் வெக்கை. பரவலாகக் கிடந்தால் நலம்.

கொட்டிலைக் கடனுக்குச் சீமெந்திற் கட்டாதீர்கள். கிடுகு, பனையோலை, காட்டுத்தடி கொண்டு, குஞ்சு வராவிட்டால் ஆடு கட்டக்கூடியதாக அமையுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, ஊர்க்கோழியைக் கைவிடாதிருப்பதாகும். ஒரே வளவில் இரண்டையும் வைக்கக்கூடாது என்பது உண்மை. ஆகவே சங்கத்திற் சில வீடுகள் இறைச்சிக்கோழிக்கும், தூரத்திலுள்ள சில வீடுகள் ஊர்க்கோழிக்கும் என்று பங்கிட்டுக்கொள்ளலாம். இறைச்சிக்கோழி வீடுகள் சில மாதம் வெறுமையாய் இருக்க நேர்ந்தால் மற்ற வீடுகள் குஞ்சு கொடுத்து உதவட்டும்.

அடைவைக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேற் பழையதாயிருக்கக் கூடாது. கழுவாமல், கூரான பக்கம் கீழாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அச்சேவலை ஆண்டுக்கு ஒரு முறை அயலூர்ச் சேவலோடு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரத்த உறவில் இனம் நலியும். கடகத்தில் மணலும் வைக்கோலும் இட்டு, சாம்பலும் வேப்பிலையும் தூவினால் பேன் அண்டாது. கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். ஏழாம் நாள் இரவில் ரோச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். நரம்போடிய முட்டையை விட்டு, தெளிவாய்த் தெரியும் முட்டையை எடுத்துவிடுங்கள். அடைக்கோழிக்கு அருகிலேயே தண்ணீரும் தீனும் இருக்கட்டும். எங்கள் வீடுகளில் இடிக்கு என்று வைத்த இரும்புத் துண்டும் கரியும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தீங்கில்லை.

ஊர்க்கோழியை அழிப்பது பெரும்பாலும் இரணிக்கெற் நோயே. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. தனியொரு வீடாகப் போனால் மருந்துப் போத்தலில் பெரும்பகுதி வீணாகும். ஊரோடு சேர்ந்து ஒரு நாள் குறித்து அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

சிறிய அடைகாக்கும் இயந்திரம் வாங்கவேண்டும் என்று சில மாதர் சங்கங்கள் எம்மிடம் கேட்டுள்ளன. நல்ல எண்ணம். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நினைவிற் கொள்ளுங்கள். மாற்று மின்சாரம் இல்லாமல் இயந்திரம் வாங்கினால் கிடைப்பது கூழ்முட்டையே. முதலில் இருபது அடைக்கோழிகளை ஒரே நாளில் அடைவைத்துப் பாருங்கள். ஒரே நாளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகளை எதிர்பார்க்கலாம். அதுவும் ஒரு பொரிப்பகம்தான், அது உங்களுடையது.

நிறைவாக

எருசலேமை நினைத்து வருந்திய எம் ஆண்டவர், தம் அன்பைச் சொல்ல அரசரையோ படையையோ உவமையாக எடுக்கவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாய்க்கோழியையே எடுத்தார். கேட்டவர்கள் அனைவருடைய வீட்டு முற்றத்திலும் அது நின்றிருக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "லவுதாத்தோ சீ" சுற்றுமடலில், பெரிய அளவு உற்பத்தியின் போட்டி சிறு கமக்காரரைத் தம் காணியை விற்கும் நிலைக்குத் தள்ளுவதைச் சுட்டிக்காட்டினார். போரினாற் காணியை இழந்த எமது மக்கள், மீண்டும் பெற்ற சிறு துண்டுக் காணியைக் கொட்டிற் கடனுக்கு இழந்துவிடக் கூடாது.

எம்மிடம் கேள்வி கேட்ட அந்தத் தாயை அண்மையிற் சந்தித்தோம். கடனில் இன்னும் சில தவணைகள் பாக்கி. சங்கமும் நாமும் அதைப் பகிர்ந்துகொள்வதென்று முடிவாகியுள்ளது. பிழையில் எமக்கும் பங்குண்டு அல்லவா? நிறுவனத்திலிருந்து திரும்பவும் ஆள் வந்து கேட்டதாகச் சொன்னார். தாளைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டாராம். கொட்டிலில் இப்போது இரண்டு ஆடுகள் நிற்கின்றன. குசினி மூலையில், தமக்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பேடொன்று கடகத்தில் அடைகிடக்கிறது. பதினொரு முட்டை. கிட்டப் போன எம்மைக் கண்டு அது சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

"கிட்டப் போகாதேங்கோ சுவாமி, கொத்திப்போடும்" என்றார் அவர். அவர் முகத்தில் சிரிப்பிருந்தது.